‘து’ எழுதாத டியூப்

மார்ச் 3

கண்ணாடிக்கு,

முதலில் டியூபுகளை ஃப்ரீஸரில் வை. பிறகு இதைப் படி. போன தடவை பெட்டியைத் திறந்த இடத்திலேயே நின்று கடிதத்தைப் படித்தாய், அதற்குள் டிரை ஐஸ் பாதி ஆவியாகிவிட்டது என்று நீயே எழுதியிருந்தாய். என் கடிதத்துக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம். சரக்குக்குக் கொடு.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, இனிமேல் பெட்டிக்குள் கடிதம் வைத்துப் பேசுவோம் என்று நீ சட்டம் போட்டதிலிருந்து என் கையெழுத்துக்கூடத் திருந்திவிட்டது. அம்மாவுக்குத்தான் கஷ்டம். போன் என்றால் ஒட்டுக் கேட்கலாம். இப்போது உன் கடிதம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்ன எழுதியிருக்கா, சத்தமா படி" என்கிறாள்.

சரக்கு இந்த முறை அருமையாக வந்திருக்கிறது. மனித மரபணு ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் வைத்தால் அது பாட்டுக்கு மனிதப் புரதத்தைச் செய்து தள்ளுகிறது. குளிர் அறையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து அதைப் பிரித்தெடுப்பது என் தலைவிதி. சுத்தம் பார்க்கிற ஜெல்லில் ஒரே ஒரு பட்டை, வேறு அழுக்கு ஒரு கீற்றுக்கூட இல்லை. உன் ஸ்டெம் செல்கள் இதைக் குடித்துவிட்டு, தோலாகவோ நரம்பாகவோ மாறித் தொலைக்காமல், சமர்த்தாக ஸ்டெம் செல்களாகவே இருக்கட்டும்.

மூடிகளில் வழக்கம்போல ‘து’ எழுதியிருக்கிறேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, துன்னு துப்புற மாதிரி எழுதி வச்சிருக்கே?" என்றார். "துணை சார். எல்லாரும் கேரியர்னு சொல்றது. நம்ம புரதம் ரொம்பக் கொஞ்சம். தனியா விட்டா டியூப் சுவர்ல போய் ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கும். கூடவே ஆல்புமின்னு ஒரு மலிவுப் புரதத்தைத் தாராளமா போட்டா அது சுவரை அடைச்சுக்கும், நம்ம ஆள் தப்பிச்சுக்குவான்" என்றேன். அந்தப் பெயரை வைத்தது நீ என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இதே குளிர் அறையில், "பாவம், துணைக்கு யாரையாவது அனுப்புங்க" என்று நீ சொன்னதையும் சொல்லவில்லை.

நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. ஆய்வகத்தில் எல்லோரும் சிரிக்கிறீர்கள், சந்தோஷம். நீ உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகில் ஒரு கை இருக்கிறது. நாற்காலி உன்னுடையது. கை யாருடையது? கையைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு நெட்டையன் வருகிறான். எதிர் மேசை எதிர் மேசை என்று எழுதுவாயே, அந்த ஆளா?

ஏப்ரலில் எனக்கு லீவு கிடைக்கும். வரட்டுமா? ரயிலில் ஒரு முழு நாளுக்கு மேல் ஆகிறது, "உனக்கு வெளியூர்ல ஒண்ணும் தெரியாது, துணைக்கு நானும் வர்றேன்" என்று அம்மா துணிப்பெட்டியை எடுத்துத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டாள். கூட்டிவரட்டுமா? யோசித்துச் சொல்.

ஐஸ்பெட்டி

பின்குறிப்பு: நாங்கள் ஆல்புமின் அதிகம் போடுகிறோம் என்று உன் எதிர் மேசை ஆள் குறை சொன்னதாக எழுதியிருந்தாய். அடுத்த தடவைக்கு எப்படி, துணை வழக்கம்போல வேண்டுமா?

மார்ச் 14

ஐஸ்பெட்டி அவர்களுக்கு,

டியூபுகளை ஃப்ரீஸரில் வைத்துவிட்டுத்தான் படித்தேன். நம்புங்கள்.

செல்கள் உங்கள் சரக்கில் கொழுத்துக் கிடக்கின்றன. கூட்டம் கூட்டமாக, ஓரம் வெட்டினாற்போல. மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "யார் புரதம் இது?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர் செய்யறது" என்றேன். அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியும், உங்களுக்கு எழுத மாட்டேன்.

எதிர் மேசைக்காரருக்குக் கை நீளம். எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும்? அவர் போட்டோவுக்கு நின்றார், அவ்வளவுதான். ஊர்வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. என் வேலையை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கத் தயார் என்று மேடம் சொல்லிவிட்டார். ஏப்ரல் கடைசிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். இதைப் போனில் பேச முடியாது, கடிதத்திலும் முடியாது. நேரில்தான்.

ஆகவே நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குப் பதில்: துணை வேண்டாம். தனியாக வந்தால் போதும். ஏன் என்று கேட்காதீர்கள், காரணம் சொன்னால் கோபம் வரும்.

காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். மூலையில் கொஞ்சம் உடைந்திருக்கிறது, டேப் ஒட்டியிருக்கிறேன்.

கண்ணாடி

ஏப்ரல் 2

கண்ணாடிக்கு,

உன் உத்தரவுப்படி செய்தாயிற்று. துணையில்லாமல் அனுப்பியிருக்கிறேன். தனியாகத்தான் வருகிறது.

ஏன் என்று கேட்கக் கூடாதாம், கோபம் வருமாம். கேட்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு மைக்ராஸ்கோப் தேவையில்லை. இத்தனை நாள் நாம் இரண்டு பேரும் செய்துவந்த முறை திடீரென்று யாருக்கோ பிடிக்காமல் போய்விட்டது. இருக்கட்டும். கை நீளமானவர்களுக்கு வாயும் நீளமாக இருக்கும்.

இரண்டு வருஷம் என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் என்ன சொல்ல? நேரில்தான் பேச வேண்டும் என்கிறாய், நல்லது, நேரில் பேசு. யாரிடம் என்றுதான் தெரியவில்லை. லீவை ரத்து செய்துவிட்டேன். ஏன் என்று உனக்கே தெரியும்.

உன் செல்களுக்கு மனிதப் புரதம் வேண்டியிருக்கிறது, மனிதன் வேண்டாம். நல்ல ஏற்பாடு.

அம்மா துடைத்து வைத்த பெட்டியை மறுபடியும் பரணில் போட்டுவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

ஐஸ்பெட்டி

ஏப்ரல் 16

பெட்டி வந்தது. தனியாக. மிக்க நன்றி.

ஏன் என்று எனக்கே தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். தெரியும். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டேன். அதற்கு லீவையே ரத்து செய்துவிட்டீர்கள். இனிமேல் கேட்க மாட்டேன். அத்தை சௌக்கியமாக இருக்கட்டும், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள்.

வேலை விஷயம் மட்டும் எழுதுகிறேன். புதுச் சரக்கை வழக்கம்போல உப்புத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறைய வைத்தேன். அதைக் கொடுக்க ஆரம்பித்த நாலாம் நாளே செல்கள் கெட ஆரம்பித்தன. ஓரங்கள் பரந்து, தட்டையாகி, ஆளுக்கொரு வடிவம். முதலில் என் கை சுத்தம் போதவில்லை என்று நினைத்தேன். செல் வளர்க்கும் அடுக்கு முழுவதையும் துடைத்து மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் அதே கதை. மாத முடிவில் மேடத்துக்கு முடிவுகளைக் காட்ட வேண்டும், என்னிடம் காட்ட ஒரு நல்ல செல் தட்டுகூட இல்லை.

எதிர் மேசைக்காரர் தான் கம்பெனியில் வாங்கி வைத்திருந்த புரதத்தில் கொஞ்சம் கொடுத்தார். மிச்சமிருந்த செல்களுக்கு அதைப் போட்டேன். பிழைத்துக்கொண்டன.

உங்கள் சரக்கில் என்ன கோளாறு என்று பாருங்கள்.

ஏப்ரல் 22

கோளாறா? என் சரக்கிலா?

ஜெல்லை மறுபடியும் ஓட்டினேன். ஒரே பட்டை. அதே எடை. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கு மேல சுத்தம் வேணும்னா கோயில்லதான் கேக்கணும்" என்றார். என் சரக்கில் குறை இல்லை. அது போய்ச் சேர்ந்த இடத்தில்தான் ஏதோ குறை.

அவன் கொடுத்தானாம், இவள் போட்டாளாம், பிழைத்துக்கொண்டனவாம். படித்துவிட்டுக் குளிர் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஸ்வெட்டர் போடவில்லை, அப்படியும் உடம்பு கொதித்தது. என்னைக் கட்டிக்கொண்ட புதிதில் நீ என்ன சொன்னாய்? "உங்க சரக்கைத் தவிர வேற எதையும் என் செல்லுக்கு ஊத்த மாட்டேன்" என்றாய். கல்யாணத்தில் சொன்ன மற்றதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

எனக்குப் பொறாமைதான். ஆமாம், நன்றாகவே பொறாமை. அந்த ஆள் கொடுத்த டியூபை நீ கையில் வாங்கியிருப்பாய், திறந்திருப்பாய், மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்திருப்பீர்கள். "வந்துடுச்சு பாருங்க" என்று நீ துள்ளியிருப்பாய். செல் பிழைத்தால் நீ துள்ளுவாய் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் துள்ளலைப் பார்க்கத்தானே நான் இங்கே விறைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

அவன் சரக்கே போதும் என்றால் சொல்லிவிடு. பெட்டியை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறேன். ஏற்கனவே மூலையில் உடைந்துதான் இருக்கிறது.

மே 1

உனக்கு.

ஆமாம், உனக்கு என்றுதான் எழுதுகிறேன். ‘நீங்கள்’ போட இன்றைக்கு மனசு வரவில்லை.

நேற்று எதிர் மேசைக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார். "இதுல கேரியர் இருக்கா?" என்றார். "எப்பவும் இருக்கும், மூடியில எழுதியிருப்பாரு" என்று ரோஷத்தோடு ஃப்ரீஸரைத் திறந்து உன் டியூபுகளை எடுத்தேன். ஒன்று, இரண்டு, எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூடியிலும் ‘து’ இல்லை.

துணை போடாமல் அனுப்பியிருக்கிறாய். அது தெரியாமல் நான் நீர்க்கவைத்திருக்கிறேன். நீ குளிரில் விறைத்து, கசக்கிப் பிழிந்து எடுத்த புரதம் அத்தனையும் சுவரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் என் செல்களுக்கு வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அடுக்கைத் துடைத்தேன், கையைத் தேய்த்தேன், அழுதேன். அவர் முன்னால் தலை குனிந்து நின்றேன். "என் வீட்டுக்காரர் செய்யறது" என்று பெருமையடித்த அதே வாயோடு.

பொறாமை என்று எழுதியிருந்தாயே. பொறாமைப்பட்டால் திட்டு. நாலு பக்கம் எழுது. போனில் கத்து. என் வேலையில் கை வைப்பாயா? உன் சரக்கைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. உன்னைப் பற்றி வரும் என்று நினைக்கவில்லை.

நேற்றே மேடத்திடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம். "வீட்ல கேட்டியா?" என்றார். "வீட்ல இருந்து பெட்டி மட்டும்தான் மேடம் வரும்" என்றேன்.

மே 7

கண்ணாடிக்கு,

பிரித்ததும் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்ற வரிதான் கண்ணில் பட்டது, அதோடு இரண்டு நாள் எனக்கு வேறு எதுவும் படிக்க முடியவில்லை. இப்போதுதான் மேலே உள்ளதைப் படித்தேன்.

நான் உன் வேலையில் கை வைத்தேனா? என்னைப் பார்த்தா கேட்கிறாய்? அந்தச் செல்கள் செத்தால் உனக்கு முன்னால் எனக்குத்தான் வலிக்கும். எனக்குப் புத்தி கோணல் இருக்கலாம், கை கோணல் கிடையாது.

துணை வேண்டாம் என்று எழுதியது நீ. உன் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு அப்படியே எழுதுகிறேன், பார்த்துக்கொள்: "நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குப் பதில்: துணை வேண்டாம். தனியாக வந்தால் போதும். ஏன் என்று கேட்காதீர்கள், காரணம் சொன்னால் கோபம் வரும்."

நான் கடைசியாகக் கேட்டது என்ன? பின்குறிப்பில், துணை வழக்கம்போல வேண்டுமா என்று. நீ வேண்டாம் என்றாய். ஆல்புமின் அதிகம் என்று அவன் சொன்னதைக் கேட்டுத்தான் சொல்கிறாய், அதனால்தான் காரணத்தை மறைக்கிறாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, துணை போடாமல் செய்தேன். அதையும் மறைக்கவில்லை. "துணையில்லாமல் அனுப்பியிருக்கிறேன், தனியாகத்தான் வருகிறது" என்று முதல் வரியிலேயே எழுதினேன். துணையில்லாத சரக்கை எப்படி நீர்க்கவைக்க வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே.

என் மனசில் கிடந்தது வேறு. வரட்டுமா என்று நான் ஆசையாகக் கேட்டேன். அதற்கு நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. டியூபுக்குப் பதில் எழுதினாய், புருஷனுக்கு எழுதவில்லை. அதனால்தான் லீவை ரத்து செய்தேன். இப்போதாவது புரிகிறதா?

ஐஸ்பெட்டி

மே 15

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

அட கடவுளே. அது டியூபுக்கு எழுதியது இல்லை. அத்தைக்கு.

பின்குறிப்பைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. நான் கடைசியாகப் படித்தது, "துணைக்கு நானும் வர்றேன்" என்று அத்தை சொன்னதும், கூட்டிவரட்டுமா என்று நீங்கள் கேட்டதும்தான். அதற்குத்தான் துணை வேண்டாம், தனியாக வந்தால் போதும் என்று எழுதினேன். நீங்கள் தனியாக வந்தால் போதும். நீங்கள்! சத்தமாகப் படி என்று அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்களே, அத்தை என்று எழுதினால் மனசு நோகுமே என்று, அந்த ஒரு வார்த்தையைப் போடாமல் விட்டேன். எத்தனை சாமர்த்தியம் எனக்கு!

அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. துணையில்லாமல் அனுப்பியிருக்கிறேன், லீவை ரத்து செய்துவிட்டேன் என்று. பெட்டிக்குத் துணையாக நான் வரவில்லை, அம்மா இல்லாமல் வர மாட்டேன் என்று நீங்கள் முகத்தில் அடித்ததாகத்தான் படித்தேன். அந்த வரியில் ஆல்புமின் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? நான் அப்போது ஆராய்ச்சிக்காரியாகப் படிக்கவில்லை, பெண்டாட்டியாகப் படித்தேன்.

உங்களுக்கு அந்த நெட்டையர்மேல் பொறாமை என்றால் எனக்கும் ஒன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். எனக்கு அத்தைமேல் பொறாமை. உங்கள் குரலைத் தினமும் கேட்கிறவர்கள் அவர்கள். நான் எழுதுவதைக்கூட உங்களோடு சேர்ந்தே கேட்கிறவர்கள் அவர்கள். ஏப்ரலுக்காக இரண்டாவது தலையணை வாங்கி உறை போட்டு வைத்தேன். இன்னும் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

நேரில் என்ன கேட்க இருந்தேன் தெரியுமா? இந்த இரண்டு வருஷம் வேண்டுமா என்றுதான். உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க நினைத்தேன். வா என்று சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருப்பேன். இரு என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது இரண்டும் இல்லாமல், கோபத்தில் போட்ட கையெழுத்து ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பி வாங்க முடியாது.

கையில் ஐந்து தட்டுகள் மீதி. அவர் கொடுத்த புரதம் இந்த மாதத்தோடு தீரும். இனிமேல் அவரிடம் கேட்க மாட்டேன். நீங்கள் அனுப்புவதாக இருந்தால் அனுப்புங்கள்.

கண்ணாடி

ஜூன் 2

கண்ணாடிக்கு,

முதலில் டியூபுகளை ஃப்ரீஸரில் வை. நின்ற இடத்திலேயே படிக்காதே. எதிரில் நிற்கிறவன் ஆவியாகிவிட மாட்டான், டிரை ஐஸ் ஆகிவிடும்.

வைத்தாயா? சரி.

இதை ரயிலில் எழுதுகிறேன். பெட்டி என் மடியில் இருக்கிறது. கூரியர்காரன் கையில் கொடுக்க மனசு வரவில்லை. டிக்கெட் பரிசோதகர், "என்ன சார், ஐஸ்கிரீமா?" என்று கேட்டார். "மனுசப் புரதம்" என்றேன். அதற்குப் பிறகு என் பக்கம் வரவே இல்லை, வழி நெடுக இடம் தாராளமாகக் கிடைத்தது.

உன் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படிக்கவில்லை. என் கையிலிருந்து வாங்கி அவளே படித்துவிட்டாள். மூன்றாம் நாள் காபியை வைத்துவிட்டு, "அவளுக்கு எம்மேல பொறாமையாமே?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். "எனக்கும் அவமேல உண்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் பொறாமை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? பிறகு பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கி, என் துணிகளை அவளே மடித்து வைத்தாள். அவள் துணி அதில் ஒன்றுகூட இல்லை.

மூடிகளைப் பார். எல்லாவற்றிலும் ‘து’ இருக்கிறது. இந்த முறை வெறும் ‘து’ இல்லை, ‘ஆல்புமின் போட்டது’ என்று முழுசாகவும் எழுதியிருக்கிறேன். இனிமேல் டியூபுக்கு ஒரு வார்த்தை, மனுசனுக்கு வேறு வார்த்தை. இரண்டுக்கும் ஒன்றையே வைத்துக்கொண்டு நாம் பட்டது போதும்.

அந்த நெட்டையனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். செல்களைக் காப்பாற்றியவன், கேரியர் இருக்கிறதா என்று கேட்டவன். நியாயம்தான். சொல்கிறேன். ஆனால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இப்போது உன் நாற்காலி முதுகில் கை வைத்திருந்தால் எடுக்கச் சொல்.

அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி எனக்கு ஒரு பதில் இருக்கிறது. ரயில் ஏறியதிலிருந்து அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீ அதை வேறு எதுவாகவாவது படித்துவிடுவாய்.

கடிதம் முடிந்துவிட்டது. நிமிர்ந்து பார்.